புதுப்பிப்பு: தம்பியின் தலைவலிக்கும் வலிப்புக்கும் காரணம் தெரிந்துவிட்டது
மூன்று வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன்: தம்பிக்கு ஒரு மாதமாகத் தலைவலி; ஒரு நாள் பல் துலக்கும்போது வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, நினைவு தப்பவில்லை. அதற்கு முன்பே ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. மூளையின் இடப்பக்கம் மோதிரம் போல ஒரு வளையம், அதற்குள் ஒரு புள்ளி. பன்றி நாடாப்புழுவின் இளம்பருவமாம், புள்ளிதான் அதன் தலை. கட்டியோ என்று நடுங்கிக்கொண்டிருந்த அம்மா, புழு என்றதும் ஏறக்குறையச் சிரித்துவிட்டார்.

"நாங்கள் சைவமாயிற்றே, டாக்டர்?" என்று கேட்டேன். மூளைக்குப் புழு போவது பன்றிக்கறியால் அல்லவாம். குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருந்து முட்டைகள் கை வழியாகவோ, சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாகவோ வயிற்றுக்குள் போகின்றன.

புழுவைக் கொல்லும் அல்பெண்டசோலை உடனே தரவில்லை. முதலில் கண் பரிசோதனை. அங்கும் புழு இருந்தால், அது சாகும்போது வரும் வீக்கம் பார்வையைக் கெடுத்துவிடும். பிறகு வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு, அதன் பின்னரே புழு மருந்து. வலிப்புக்கான லெவெடிரசெட்டம் காலையும் இரவும் தொடர்கிறது.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் கொடுங்கள் என்று சென்ற பதிவில் சொன்னவர்களுக்கு: அன்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார். வலிப்பு தன் போக்கில்தான் நின்றது.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அதுவரை அவனுடைய பைக் சாவி என்னிடம்.