கலைச்சொல் உதவி: தடுப்பாட்டத்தில் ‘கேப்’ – சந்தா, கதுவாயா?

முதல் மடல்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் 2024 பருவ முன்னோட்டம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் தர வேண்டும். அணி யுஎஸ்சி (தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்). முதல் ஆட்டம் செப்டம்பர் 1, லாஸ் வேகஸில், எல்எஸ்யுவோடு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்). கட்டுரை முழுக்கத் தடுப்பாட்டக் கவலைதான். 2023 ஜனவரியில், பருவ இறுதி ஆட்டங்களில் ஒன்றான காட்டன் பவுலில், ஐந்து நிமிடம்கூட மீதமில்லாதபோது 45-30 என்று முன்னால் நின்றவர்கள் டுலேன் பல்கலைக்கழகத்திடம் 46-45 என்று தோற்றார்கள். அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் 52-42 என்று தோல்வி. மறுநாளே தடுப்பாட்டப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிரின்ச் நீக்கம்.

சிக்கல் ‘கேப் இன்டெக்ரிட்டி’ என்ற சொல்லில். ‘இடைவெளி ஒருமைப்பாடு’ என்று போட்டால் அரசாணை மாதிரி இருக்கிறது.

மறுமொழி

பொருளை முதலில் பிடிப்போம். தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர், இருபுறமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். இவர்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான் கேப்: சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ‘ஏ’, கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே ‘பி’, டேக்கிளுக்கு வெளியே ‘சி’. இருபுறமும் சேர்த்து ஆறு. ஓரத்தில், டேக்கிளை ஒட்டி, டைட் எண்டு எனும் ஆட்டக்காரர் ஒருவர் வந்து நின்றால் ஏழு. ஒவ்வொன்றுக்கும் தடுப்பவர் ஒருவர் பொறுப்பு. தன் இடத்தை விட்டு ஒருவர் பந்தின் பின்னால் ஓடினால், பந்தோடு ஓடுபவர் காலைத் திருப்பி அந்தக் காலி இடத்தில் நுழைந்துவிடுவார். எனவே ‘ஒருமைப்பாடு’ இங்கே பொருந்தாது. அவரவர் இடத்தைக் காப்பதுதான் பொருள். ‘சந்துக்காவல்’ எனலாமே.

மறுமொழி

> ‘சந்துக்காவல்’ எனலாமே

சந்தும் சந்தியும் ஒரு வேர், ஐயா. இரண்டும் வடசொல் வழி. நம்மிடம் ‘கதுவாய்’ இருக்கிறதே! யாப்பில் முதல், மூன்று, நான்காம் சீர்களில் மோனை வந்து இரண்டாம் சீரில் வராவிட்டால் மேற்கதுவாய். மூன்றாம் சீரில் மட்டும் வராவிட்டால் கீழ்க்கதுவாய். வரிசையில் ஓரிடம் விட்டுப்போவதுதானே கேப்? இன்னொன்று: கதுவுதல் என்றால் பற்றுதல். ஓடுபவரைப் பற்றுவதற்கும் அதே அடி உதவும். பின்வரிசைக்குக் ‘கூழை’, படையின் பின்னணிக்குப் பழம்பெயர் அது. தடுப்பாட்டம் முழுவதற்கும் ‘நொச்சி’. மதில் காத்தல் புறப்பொருள் வெண்பாமாலையில் தனித்திணை.

மறுமொழி

கூழை என்றதும் வாசகருக்குக் கூழைக்கும்பிடுதான் நினைவுக்கு வரும், அம்மா. யுஎஸ்சி பின்வரிசையை அப்படிச் சொன்னால் விமர்சனம் என்றே எடுத்துக்கொள்வார்கள்! விட்ட இடத்துக்கும் பற்றுவதற்கும் ஒரே அடி வைத்தால், ‘கதுவாயில் கதுவத் தவறினார்’ என்று எழுத நேரும். யாருக்குப் புரியும்? சந்துபொந்து என்று சொல்லாத தமிழர் உண்டா? வடசொல்லோ தென்சொல்லோ, வீட்டுச் சொல்லாகிவிட்டது. ஓடுபவரை மடக்குவதற்குக் கபடியின் ‘பிடி’ போதும். தோளை இடித்துவிட்டுக் கையைச் சுற்றாமல் விடுவதால்தான் அது தவறுகிறது. ‘பிடிதவறல்’ என்றாலே காட்சி வந்துவிடும்.

மறுமொழி

நொச்சி சேராது. மதிலைக் காப்பவர் உள்ளேயே நிற்பார். இங்கே தடுப்பவரும் பாய்ந்து போய்ப் பந்தைப் பறிக்கிறார். கவர்ந்து போன ஆநிரையை மீட்கும் கரந்தைத் திணைதான் நெருக்கம்.

முதல் மடலாளர்

திணை விவாதத்தைத் தனி இழையில் வைத்துக்கொள்ளலாமா? இன்னொரு ஐயம்: 2024 பருவத்துக்குப் புதுத் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டி’அன்டன் லின். 2023 நவம்பரில் யுஎஸ்சியை 38-20 என்று வென்ற, அதே நகரத்துப் போட்டி அணியான யுசிஎல்ஏவின் தடுப்பாட்டம் அவருடையது. ஆனாலும் ரசிகர்கள் பெரிதாகக் கேட்கவில்லை. ‘நடுத்தரமாக இருந்தாலே போதும், மீதியைத் தாக்கும் அணி பார்த்துக்கொள்ளும்’ என்கிறார்கள். இதற்கு ‘இடைநிலைத் தடுப்பு’ சரியா?

மறுமொழி

‘சுமாரான தடுப்பு’ என்றே எழுதுங்கள். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். 2024 பருவத்தில் பிக் டென் என்ற அணிக்கூட்டமைப்புக்கு மாறுகிறார்கள். செப்டம்பர் 21இல் மிச்சிகனில் ஆட்டம். அங்கே நேராக முட்டி ஓடுவார்கள். சந்து திறந்தால் எதிரணி கடிகாரத்தையும் தின்றுவிடும். தாக்கும் அணிக்குப் பந்தே வராது. கட்டுரையில் இதற்கு ஒரு வரி வேண்டும்.

முதல் மடலாளர்

சந்துக்காவலுக்கு நால்வர், கதுவாய்க்கு ஒருவர். ‘பிடிதவறல்’ மறுப்பின்றி ஏற்பு. அனுப்பிவிடுகிறேன்.

மறுமொழி

பெரும்பான்மை வேர்ச்சொல்லை மாற்றாது. அடைப்புக்குறிக்குள்ளாவது கதுவாய் என்று போடுங்கள்.

முதல் மடலாளர்

கட்டுரைப் படத்தில் ஆறு இடத்திலும் ‘சந்து’ என்று எழுதியாயிற்று, அம்மா. அடைப்புக்குறி நுழைய அதில் சந்தில்லை.