சென்னையின் பலம் ஆய்வா, ஆலையா? ஐதராபாத் ஒப்பீடு குறித்து

கூட்டிக்கழி:
மருந்து, உயிரியல் துறையில் தென்னிந்தியாவுக்கே சென்னைதான் தலைமை என்று இங்கே அடிக்கடி எழுதுகிறார்கள். ஐதராபாத் 1999-லேயே ஜீனோம் வேலி என்று ஒரு வட்டாரத்தை ஒதுக்கி, தடுப்பூசி ஆலையையும் ஆய்வுக்கூடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது. நம்மிடம்? தரமணியில் டைசல் பயோ பார்க், சிறுசேரியில் பெண்களுக்கான பயோடெக் பூங்கா, ஆலத்தூரில் மருந்துத் தொழிற்பேட்டை, ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா. நாலும் நாலு திசை.

தரமணியான்:
திசைக் கணக்கே தப்பு. முதல் மூன்றும் ஓஎம்ஆரை (பழைய மாமல்லபுரம் சாலையை) ஒட்டி ஒரே கோட்டில் இருக்கின்றன. ஒரகடம் மட்டும்தான் மேற்கே. அது கிடக்கட்டும். ஆலைகளை எண்ணினால் ஐதராபாத்துதான் முந்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மருந்து நிஜ நோயாளியிடம் வேலை செய்கிறதா என்று சோதித்துச் சொல்லும் கைப்பழக்கம் இங்கே வேர்விட்டது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு பாதிக்கு வீட்டில், மறு பாதிக்கு சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கும் மருத்துவமனையில்), இரு பக்கமும் ஐசோநியாசிட், பாஸ் (PAS) என்ற அதே காசநோய் மருந்துகள், 12 மாதம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல் அதிகம், சாப்பாடும் மட்டம். குணமானது இரு பக்கமும் ஏறக்குறைய சமம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. 1959-ல் அறிக்கை வந்தது. காசநோய்க்குப் படுக்கை கட்டாயம் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

கூட்டிக்கழி:
அறுபது வருடத்துக்கு மேல் பழைய கதை சார். பிறகு என்ன நடந்தது? கிண்டியில் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) தயாரிக்கும் ஆய்வகத்தின் உரிமத்தை 2008 ஜனவரியில் நிறுத்தி வைத்தார்கள், கசௌலி, குன்னூர் அரசுத் தடுப்பூசி நிலையங்களோடு சேர்த்து. காரணம், நல்ல உற்பத்தி முறை விதிகளுக்கு அந்தப் பழைய கட்டடங்கள் பொருந்தவில்லை. 2010-ல் தடை நீங்கியது. செங்கல்பட்டில் 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்துக்கு 2012-ல் ஒப்புதல், மதிப்பீடு 594 கோடி ரூபாய். 2021 கோவிட் அலையில் அங்கிருந்து ஒரு டோஸ்கூட வரவில்லை. ஆய்வில் புலி, ஆலையில் எலி என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

தரமணியான்:
எலி என்றால் என்மெட்டாசோபாக்டம் (ஆன்டிபயாடிக்கைச் சிதைக்கும் பாக்டீரியா நொதியைத் தடுக்கும் துணை மருந்து) எங்கிருந்து வந்தது? சென்னை ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த மூலக்கூறு. அதே வகைப் பழைய மருந்தான டாசோபாக்டத்தின் டிரையசோல் வளையத்தில் ஒரு மெத்தில் கூட்டியதுதான் மாற்றம். அதனால் மூலக்கூறின் நிகர மின்னூட்டம் பூஜ்யமாகி, கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வை எளிதாகத் தாண்டுகிறது. செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து சிறுநீர்த்தொற்றில் சோதித்தபோது முழு வெற்றி 79.1 விழுக்காடு. ஒப்பிட்ட வழக்கமான மருந்துக் கூட்டான பைபெராசிலின்-டாசோபாக்டத்துக்கு 58.9. 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல்.

கூட்டிக்கழி:
என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். அந்த மூலக்கூறைப் பெரிய சோதனை வரை கொண்டுபோனது ஐரோப்பாவின் அல்லெக்ரா நிறுவனம். ஆர்கிட் இடையில் 2017-ல் திவால் நடவடிக்கைக்குப் போய், 2020-ல் கை மாறியது. மூன்றாம் கட்டச் சோதனைக்கான பணமும் பொறுமையும் வெளியூரிலிருந்துதான் வந்தன.

ஆறாம்தளம்:
இருவரும் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கீழே இறங்கி வேலையைப் பாருங்கள். காசநோய்ச் சோதனை இங்கே நம்பகமாக நடக்கிறது என்றால் அதற்குப் பின்னால் சளி மாதிரியைக் கையாளும் ஒழுங்கு இருக்கிறது. எடுத்த மாதிரி 2 முதல் 8 டிகிரியில், மூன்று நாளுக்குள் ஆய்வகம் சேர வேண்டும். மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் இரண்டு மணிநேரம் கிடந்தால் வேறு கிருமி பெருகிவிடும். பிறகு வேறு கிருமிகளைக் கொல்ல சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தால் சுத்தம் செய்யும்போது 15–20 நிமிடம்தான். கூடுதலாக விட்டால் காசநோய்க் கிருமியும் செத்து, நோயுள்ளவருக்கு "இல்லை" என்று முடிவு வரும். குறைத்தால் திரவ வளர்ப்புக் குழாய் மாசாகும். 8–10 விழுக்காடு குழாய்கள் வரை மாசாவது சகஜம். எண் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தால் மேலாளர் மகிழக் கூடாது, காரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வளர்ச்சி இல்லை என்று எழுதுமுன் 42 நாள் காத்திருக்கவும் வேண்டும். இந்தப் பழக்கத்தை ஒரே வருடத்தில் பூங்கா கட்டி வாங்க முடியாது.

ஆலையிலும் இதே பிரச்சினை. செஃபலோஸ்போரின் (செஃபிபைம் போன்ற ஆன்டிபயாடிக் வகை) பொடி ஊசிமருந்து நிரப்பும் அறையில் ஈரப்பதத்தைப் பொதுவாக 30 விழுக்காட்டுக்குக் கீழ் வைப்பார்கள். ஐப்பசி மழையில் வெளியே 90 தாண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்திச் சக்கரத்தைச் சூடாக்கி மீட்கும் ஹீட்டர் சற்றே சிறியதாக இருந்தால் பொடி கட்டிதட்டும், குப்பிக்குக் குப்பி எடை தள்ளாடும். பீட்டா-லாக்டம் (பென்சிலின், செஃபலோஸ்போரின் அடங்கிய குடும்பம்) என்றால் தனிக் கட்டடம், தனிக் காற்றோட்டம் வேறு. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி கலப்பும் ஆபத்து.

அடையாறுவாசி:
ஒரகடத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்? கருவித் துறையில் சறுக்குவது அறிவியலால் இல்லை, வரிசை தப்புவதால்தான். 2017 மருத்துவக் கருவி விதிப்படி ஆபத்து குறைந்த ஏ, பி வகைக்கு உரிமம் தருவது மாநிலம், ஆபத்து கூடிய சி, டி வகைக்கு மத்திய அரசு. சோதனைக்குச் செய்து பார்க்கவே படிவம் எம்டி-12-இல் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு மருத்துவர் நட்புக்காக முன்மாதிரியைப் பயன்படுத்தினால், அந்தத் தரவை ஒப்புதலுக்கு எங்கும் வைக்க முடியாது. இன்னொன்று, உயிரிப் பொருத்தச் சோதனையைக் (உடலுக்குக் கேடு செய்யுமா என்ற சோதனையைக்) கிருமிநீக்கம் முடிந்த இறுதிப் பொருளில் செய்யாமல், மூலப் பிளாஸ்டிக்கில் செய்துவிடுகிறார்கள். பிறகு பசையை மாற்றினால் மறுபடி செலவு.

கூட்டிக்கழி:
இதெல்லாம் சரி, ஏற்கிறேன். ஆனால் நடுவில் இருக்கும் பள்ளம்? 5 லிட்டர் நொதிகலனில் மருந்துப் புரதம் செய்தவர் 200 லிட்டருக்கு எங்கே போவார்?

ஆறாம்தளம்:
அங்கேதான் உண்மையான இடறல். 200 லிட்டரில், புரதத்தைச் செய்து தரும் ஈ.கோலை பாக்டீரியா செழித்து வளர்கையில் வெப்பத்தைக் கக்கும். 30 டிகிரியில் வைக்க வேண்டிய கலனை, கோடையில் 30-க்கு மேல் போகும் கூலிங் டவர் தண்ணீரால் குளிர்விக்க முடியாது, தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் வேண்டும். சிறிய கலனில் கிடைத்த ஆக்சிஜன் பெரியதில் கிடைக்காது. கலக்கியை வேகமாகச் சுற்றினால் நுரை பொங்கி, கலனிலிருந்து வெளியேறும் காற்றின் வடிகட்டி நனையும், அழுத்தம் ஏறும். ஐதராபாத்தில் வாடகைக்குக் கலன் எடுக்கிறார்கள் என்றால் அவர்கள் உண்மையில் எடுப்பது அந்த சில்லரையும், நுரையைப் பார்த்துப் பழகிய ஆளையும்.

தரமணியான்:
அப்போது அரசிடம் கேட்க வேண்டியது புதுப் பூங்கா இல்லை. ஏற்கெனவே இருக்கும் பூங்காவில் 50, 200, 500 லிட்டர் கலன், சில்லர், மூன்று ஷிஃப்டுக்கு ஆள்.

கூட்டிக்கழி:
அத்துடன் தூய நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆர் போர்த்தண்ணீர் உப்பு. ஆர்ஓ சவ்வு சீக்கிரம் அடைபட்டால் நீரில் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் 1.3 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. வரம்பைத் தாண்டி, அன்றைய மருந்துத் தொகுதி அப்படியே நிற்கும்.