மியூனிக்கா, ஐந்தோவனா? செலவுக் கணக்கில் உதவி வேண்டும்

மியூனிக்கில் நான்கு வருடமாக மென்பொருள் வேலை. ஆண்டுக்கு 76,000 யூரோ, டாக்ஸ் கிளாஸ் 3 (துணைவருக்கு வருமானம் இல்லாதபோது மாதாமாதம் வரி குறைவாகப் பிடிக்கும் பிரிவு). மனைவி இப்போது வேலையில் இல்லை, மகளுக்கு 2 வயது. நெதர்லாந்தில் ஐந்தோவனில் 72,000 யூரோவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. 8% விடுமுறைப் படியும் அதற்குள் அடக்கம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டு நாட்டுச் சம்பளக் கால்குலேட்டர்களிலும் போட்டுப் பார்த்தேன். 30% வரிச்சலுகை (வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்குச் சம்பளத்தில் 30% வரை வரி இல்லை) கிடைத்தால் கையில் வருவது அங்கேதான் கூடுதல். ஆனால் 2027 முதல் அது 27% ஆகிறது, அப்புறம் ஐந்து வருடத்தோடு முடிந்தும்விடும்.

செலவுப் பக்கம்தான் பெரிய குழப்பம். இங்கே வாடகை ஹீட்டிங்கோடு 1,750. அங்கே விளம்பரங்களில் அதே அளவு வீடு 1,500 முதல் 1,700 வரை. சரி, வாடகை சமாளிக்கலாம். ஆனால் இங்கே என் மருத்துவக் காப்பீட்டிலேயே மனைவியும் மகளும் தனிக் கட்டணம் இல்லாமல் சேர்ந்துவிடுகிறார்கள். அங்கே மகளுக்கு மட்டும்தான் இலவசம், மனைவிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அவர் வேலைக்குப் போகாதவரை குழந்தைக் காப்பகத்துக்கு அரசு உதவித்தொகையும் கிடையாது. நான் பார்த்த ஒப்பீட்டுத் தளங்கள் எதிலும் இதெல்லாம் கணக்கிலேயே வரவில்லை.

ஐந்தோவனில் ஒரே சம்பளத்தில், சின்னக் குழந்தையோடு இருப்பவர்கள் சொல்லுங்கள்: வாடகை போக மாதம் எவ்வளவு செலவாகிறது?