11 வயதுப் பையனுக்குக் கிரோன் நோய்: 8 வாரம் ஃபார்முலா மட்டும், அதன்பின் நம் வீட்டுச் சாப்பாடு எப்படி?

வைகைக்கரை:

வணக்கம். பையனுக்கு 11 வயது, எடை 28 கிலோ. நான்கு மாதத்தில் 4 கிலோ இறங்கியிருக்கிறது. கொலோனோஸ்கோப்பி, எம்.ஆர். என்டரோகிராஃபி எல்லாம் பார்த்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி, புண்) என்று சொல்லிவிட்டார்கள். காசநோய்க்கான சோதனைகளும் செய்தாயிற்று, இல்லை. குடலில் சுருக்கம் இல்லை, ஆசனவாய்ப் பக்கம் சீழ், புரை எதுவும் இல்லை. மலத்தில் கால்ப்ரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் சோதனை) 1,450, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) 38.

ஸ்டீராய்டுக்குப் பதிலாக 8 வாரம் ஃபார்முலா (பொடியைக் கரைத்துக் குடிக்கும் முழுச்சத்துப் பானம்) மட்டும், வேறு சாப்பாடே வேண்டாம் என்கிறார் டாக்டர். அதன்பிறகு கோழி, உருளைக்கிழங்கு என்று ஒரு பட்டியல் உணவுமுறை. என் கேள்விகள்: ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும், எப்படிக் குடிக்க வைப்பது? "ஒரு இட்லி, ஒரு கை மோர்சாதம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்" என்று பாட்டி கேட்கிறார், அவருக்கு என்ன பதில் சொல்வது? 8 வாரத்துக்குப் பிறகு நம் அடுப்பங்கரையில் எதை வைத்துச் சமைப்பது?

உணவியல் (குழந்தைகள் உணவு ஆலோசகர்):

பாட்டிக்கான பதிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பல வீடுகளில் சிகிச்சை அங்கேதான் உடைகிறது. வீட்டில் இதைப் பத்தியம் என்று சொல்லாதீர்கள், மருந்து என்றே சொல்லுங்கள். பத்தியத்தில் விட்டுக்கொடுக்க இடம் உண்டு என்று நினைப்பார்கள், மருந்தில் அப்படி நினைக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 50 குழந்தைகளை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. முழுக்க ஃபார்முலாவில் இருந்த குழந்தைகளில் 42 சதவீதத்தினருக்கு நோய் அடங்கியது. பாதி ஃபார்முலா, மீதி வழக்கமான சாப்பாடு என்று இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்குத்தான் அடங்கியது. அதே ஃபார்முலாதான், கூடவே போன சாப்பாடுதான் வித்தியாசம். பாட்டி கேட்பது ஒரே ஒரு இட்லி என்பது உண்மைதான். ஆனால் பசியோடு இருக்கும் பிள்ளையிடம் அது ஒன்றோடு நிற்பதில்லை, அடுத்த டம்ளர் ஃபார்முலாவும் அப்படியே மிச்சமாகிவிடும்.

அளவு: அவனுடைய எடைக்குச் சுமார் 1,800 கிலோகலோரி தேவை. இழந்த எடையும் திரும்ப வேண்டும் என்பதால் 2,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மி.லி.க்கு ஒரு கிலோகலோரி தரும் வழக்கமான ஃபார்முலா என்றால் 2 லிட்டர், அதாவது 250 மி.லி. டம்ளர் எட்டு. உங்கள் ஆலோசகர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

முதல் நாளே 2 லிட்டர் வேண்டாம். முதல் நாள் 1 லிட்டர், மறுநாள் ஒன்றரை, மூன்றாம் நான்காம் நாளில் முழு அளவு. இவனுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. எட்டில் ஒரு பங்கு எடை குறைந்த உடம்பில் திடீரென்று கலோரி ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கலாம். தொடங்கும் முன்பும் முதல் வாரத்திலும் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கை கால் வீக்கம், அசாதாரணமான சோர்வு, படபடப்பு தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

பொடியின் கணக்கையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். பெரும்பாலான பொடிகளில் 100 கிராமுக்கு 450 முதல் 500 கிலோகலோரி இருக்கும். 2,000 வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 400 முதல் 450 கிராம், 8 வாரத்துக்கு ஏறக்குறைய 24 கிலோ. 400 கிராம் டின் ஒரு நாளைக்கே காணாது. இது தெரியாமல் ஒரு வாரத்துக்கு இரண்டு டின் வாங்கி வைத்துவிட்டு, பொடி தீரக்கூடாதே என்று தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள். குழந்தை எட்டு டம்ளரும் குடிக்கும், ஆனால் எடை ஏறாது. "ஃபார்முலா வேலை செய்யவில்லை" என்று வரும் பல குழந்தைகளுக்கு உண்மையில் கலோரிதான் போய்ச் சேரவில்லை.

மால்ட் பானப் பொடியோ புரோட்டீன் பவுடரோ சத்துமாவுக் கஞ்சியோ இதற்கு மாற்று ஆகாது. அது ஒன்றையே உணவாகக் கொண்டு வாழும் அளவுக்கு முழுமையான சத்து உள்ள ஃபார்முலாதான் வேண்டும். விலை உயர்ந்த, முன்பே செரித்த புரதம் உள்ள வகை தேவையில்லை. சாதாரண முழுப் புரத வகையே அதே பலன் தரும், சுவையும் தேவலை.

அடுப்படி:

குடிக்க வைக்கிறதைப் பத்தி நான் சொல்றேன்.

தண்ணியை முதல்ல ஊத்துங்க, அப்புறம் பொடி. பொடி மேல தண்ணி ஊத்தினா கட்டி கட்டியா நிக்கும், கட்டி வாயில பட்டா பிள்ளை அன்னைக்கு முழுக்கக் குடிக்காது. காய்ச்சி ஆற வச்ச, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணி போதும், கொதிக்கிற தண்ணி வேண்டாம். ஸ்பூன் கணக்கை நம்பாம கிச்சன் தராசுல எடை போடுங்க. அழுத்தி அள்ளினா ஒரு அளவு, தளர அள்ளினா ஒரு அளவு வரும்.

காலையில மொத்தமா ஒரு லிட்டர் கலக்கி, மூடி ஃபிரிட்ஜ்ல வச்சுடுங்க. 24 மணி நேரத்துல தீர்த்துடணும். வாய் வச்ச டம்ளரை ஒரு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. ஸ்கூலுக்கு அனுப்பும்போது ஐஸ் போட்ட பையில பாட்டிலை வச்சு அனுப்புங்க. நம்ம ஊரு வெயில்ல சாதா பையில வச்சா மதியத்துக்குள்ள கெட்டுடும், அப்புறம் வர்ற வயிற்றுப்போக்கு நோயாலயா பாலாலயான்னே தெரியாது.

சில்லுனு இருந்தா வாசனை அடங்கும். மூடி போட்ட டம்ளர், ஸ்ட்ரா ரெண்டும் வச்சுக்குங்க, மூக்குக்கு வாசனை போகாது. ஒரே ஃபிளேவரை 8 வாரம் ஓட்ட முடியாது, ஆலோசகர் அனுமதிக்கிற ரெண்டு மூணு வகை வாங்கி மாத்தி மாத்திக் குடுங்க. குல்ஃபி அச்சுல ஊத்தி உறைய வைங்க, ஒரு அச்சு எத்தனை மி.லி.ன்னு அளந்து கணக்குல சேர்த்துக்குங்க. ஸ்கூல்ல பிறந்தநாள் மிட்டாய் வர்ற அன்னைக்கு இதுதான் கைகொடுக்கும்.

250 மி.லி.யை ஒரே மூச்சுல குடிச்சா குமட்டும். 20 நிமிஷம் எடுத்துக்கட்டும். குடிச்சதும் வயிறு வலிக்குது, உப்புதுன்னு சொன்னா 125 மி.லி.யாப் பிரிச்சு 16 தடவை குடுங்க. மலம் கரும்பச்சையாப் போகும், பயப்படாதீங்க, ஃபார்முலாவோட நிறம்தான் அது. ரெண்டு லிட்டர் ஃபார்முலால 1.7 லிட்டர் தண்ணி இருக்கு, இருந்தாலும் வெயில் காலத்துல அரை லிட்டர் தண்ணி தனியாக் குடுங்க.

முதல் பத்து நாள்தான் கஷ்டம். அந்தப் பத்து நாளும் வீட்ல தாளிக்கிற வாசனையைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க. தங்கச்சி தம்பி இருந்தா அவங்களை வேற நேரத்துல சாப்பிட வைங்க. மனசார முயற்சி பண்ணியும் பிள்ளையால குடிக்க முடியலைன்னா மூக்கு வழியா மெல்லிசா ஒரு குழாய் போடுவாங்க, ராத்திரி தூங்கும்போது மெதுவா ஏறும். அதைச் சொல்லி மிரட்டாதீங்க. "இப்படியும் ஒரு வழி இருக்கு, குடிக்கிற பாரம் உனக்கு வேண்டாம்"னு சொன்னா சில பிள்ளைங்க தானாவே சம்மதிக்கும்.

உணவியல்:

8 வாரத்துக்குப் பிந்தைய கேள்விக்கு வருகிறேன். உங்கள் டாக்டர் சொன்ன பட்டியல், கிரோன் நோய்க்கான விலக்கு உணவுமுறை, சுருக்கமாகச் சி.டி.இ.டி. இஸ்ரேலைச் சேர்ந்த ஆரி லெவின் குழுவினர் வடிவமைத்தது. 2019-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் ஒரு பிரிவினருக்கு இந்த உணவுமுறையும் பாதி ஃபார்முலாவும், இன்னொரு பிரிவினருக்கு 6 வாரம் முழு ஃபார்முலாவும் கொடுத்தார்கள். ஆறாம் வாரத்தில் முதல் பிரிவில் 75 சதவீதத்தினருக்கும் இரண்டாவதில் 59 சதவீதத்தினருக்கும் ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியிருந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் முதல் பிரிவு ஏறக்குறைய அதே 75-ல் நின்றது, மற்றது 45-க்கு இறங்கிவிட்டது. இரண்டாம் பிரிவினர் ஆறு வாரம் முடிந்ததும் கால்பங்கு ஃபார்முலாவோடு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். 8 வாரம் பட்ட பாடு 9-ஆம் வாரத்தில் என்ன சாப்பிடுகிறான் என்பதைப் பொறுத்துத்தான் நிலைக்கும்.

முதல் 6 வாரம் தினமும் கட்டாயம் சாப்பிட வேண்டியவை: தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 150 முதல் 200 கிராம், முட்டை 2, உருளைக்கிழங்கு 2, வாழைப்பழம் 2, தோல் சீவிய ஆப்பிள் 1. நமக்குப் பெரிய ஆறுதல், வெள்ளை அரிசிக்கும் அரிசிமாவுக்கும் அளவுக் கட்டுப்பாடு இல்லை. கூடவே கலோரியில் பாதிக்கு ஃபார்முலா, இவனுக்கு 1 லிட்டர். அடுத்த 6 வாரம் அது கால்பங்காகும்.

வாழைப்பழம் என்றால் உரித்தபின் 100 முதல் 120 கிராம் வரும் மோரிஸ் அளவு. ஏலக்கி என்றால் எண்ணிக்கை பார்க்காமல் எடை பாருங்கள். உருளைக்கிழங்கை வேகவைத்து, முழுதாக ஆறவைத்து, பிறகு சமையலில் சேருங்கள். ஆறும்போது உண்டாகும், எளிதில் செரிக்காத மாவுச்சத்து குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு உணவு.

விலக்க வேண்டியவை: பால், தயிர், மோர், நெய், கோதுமை, மைதா, ரவை, பருப்பு வகை முழுவதும், உளுந்து உட்பட, ஆட்டுக்கறி, பாக்கெட்டில் அடைத்து வரும் எதுவும். ஆக முதல் கட்டத்தில் இட்லி, தோசை இல்லை, உளுந்து இருப்பதால். இடியாப்பம் உண்டு. அதற்கு ஊற்றும் தேங்காய்ப்பாலும் நல்லெண்ணெயும் பட்டியலில் இல்லை, ஆலிவ் அல்லது கனோலா எண்ணெய்தான்.

அடுப்படி:

பட்டியல்ல இல்லாததெல்லாம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு சொல்லிடறேன், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடறாங்க.

பெருங்காயம். கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல மைதாவும் பிசினும் கலந்திருக்கும். லேபிளைப் படிச்சுப் பாருங்க. சாம்பார்ப்பொடி, ரசப்பொடி ரெண்டுலயும் பருப்பு வறுத்து அரைச்சிருக்கும். பாக்கெட் இஞ்சி பூண்டு விழுது, சிக்கன் மசாலா வேண்டவே வேண்டாம், வீட்ல அன்னன்னைக்கு அரைங்க. இடியாப்ப மாவு பாக்கெட்ல அரிசி மட்டுந்தானான்னு பாருங்க, இல்லைன்னா பச்சரிசி ஊற வச்சு மில்லுல அரைச்சுக்குங்க. ஆனா கோதுமை அரைச்ச உடனே உங்க அரிசியைப் போட விடாதீங்க.

சுவைக்கு வழி இருக்கு. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகு, கொத்தமல்லித்தழை, புதினா, எலுமிச்சை எல்லாம் சேர்க்கலாம். தக்காளி ஒரு நாளைக்கு ரெண்டு. புளிக்குப் பதிலா தக்காளியும் எலுமிச்சையும் போட்டு மிளகு பூண்டுக் குழம்பா வச்சா சோத்துக்கு நல்லா இருக்கும். கோழியைக் கொஞ்சம் பெரிய துண்டா, மூடி போட்டுச் சின்னத் தீயில வேக வைங்க, நெஞ்சுக்கறி காஞ்சு போச்சுன்னா பிள்ளை துப்பிடும். மத்த மசாலா ஒவ்வொண்ணையும் ஆலோசகர்கிட்ட கேட்டுட்டுச் சேருங்க.

கோயில் பிரசாதம் வந்தா கையில வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு அப்பாகிட்ட குடுக்கச் சொல்லிப் பழக்குங்க. பாட்டிக்கும் அது ஏத்துக்கிற மாதிரி இருக்கும்.

மல்லிப்பூ:

என் மகளுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண்நோய்). இதே 8 வார ஃபார்முலாவை நாங்களும் தொடங்கலாமா?

உணவியல்:

வேண்டாம், மல்லிப்பூ. ஃபார்முலா மட்டும் கொடுத்து நோயை அடக்கும் முறை கிரோன் நோய்க்கானது. பெருங்குடல் புண்நோயில் அதற்கு அந்தப் பலன் இல்லை. மெசலமைன் போன்ற மருந்தை நிறுத்திவிட்டு இதை முயன்றால் ரத்தப்போக்கு முற்றிவிடும். எடை குறைந்திருந்தால் சாப்பாட்டோடு கூடுதலாக ஃபார்முலா கொடுக்கலாம், அது வேறு விஷயம். சைவ வீட்டாரும் இதைப் படிப்பீர்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை: கோழியை மட்டும் எடுத்துவிட்டு மீதிப் பட்டியலைப் பின்பற்றாதீர்கள், புரதம் பாதியாகிவிடும். ஃபார்முலாவின் பங்கைக் கூட்டி ஆலோசகர் மாற்றி எழுதித் தர வேண்டும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. பலன் தெரிகிறதா என்று எப்போது, எதை வைத்துப் பார்ப்பது? வேறு மருந்தே வேண்டியிருக்காதா?

உணவியல்:

வலியும் சோர்வும் பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் குறையும், சி.ஆர்.பி.யும் இறங்கத் தொடங்கும். இரண்டு, மூன்று வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் எட்டு வாரம் வரை இழுக்காமல் டாக்டரைப் பார்த்துச் சிகிச்சையை மாற்ற வேண்டும். எடையை வாரம் ஒருமுறை, அதே தராசில், காலையில் மலம் கழித்தபின் பாருங்கள். உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். எடை ஏறி உயரம் அப்படியே நின்றால் உள்ளே அழற்சி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மலம் கட்டியாகிவிட்டது, குழந்தை ஓடியாடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வலி போனபிறகும் குடற்சுவரில் புண் இருக்கலாம். எட்டாம் வாரக் கடைசியில் கால்ப்ரொடெக்டின் மறுபடி பாருங்கள். 1,450-லிருந்து 250-க்குக் கீழே வந்தால் நல்ல அறிகுறி. சோதனை முறைக்கு முறை எண் மாறும் என்பதால் முன்பு கொடுத்த அதே ஆய்வகத்தில் கொடுங்கள். காலையில் போகும் முதல் மலம், கழிப்பறைத் தண்ணீர் படாமல். அதற்கு முந்தைய வாரங்களில் ஐபுப்ரோஃபென் கொடுத்திருந்தால் எண் ஏறிக் காட்டும். அந்த மாத்திரை இந்த நோய்க்கே ஆகாது, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்.

மருந்து: உணவு நோயை அடக்கும், ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அதை அடக்கியே வைத்திருக்க நோய் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகளான அசதயோபிரின், மெத்தோட்ரெக்சேட், உயிரியல் ஊசி இவற்றில் ஒன்று தேவைப்படும். அதைத் தொடங்கிவிட்டால் அம்மை வகை உயிருள்ள தடுப்பூசிகள் போட முடியாது, ஆகவே இப்போதே தடுப்பூசி அட்டையை எடுத்துப் போய் விடுபட்டவை உண்டா என்று கேட்டுவிடுங்கள். வைட்டமின் டி, இரும்பு, நோய் இருக்கும் இடத்தை வைத்து பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பச்சையாக வாந்தி, வயிறு உப்பிக் காற்றும் பிரியாமல் வலி, 38.5 டிகிரி செல்சியஸுக்கு (சுமார் 101 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சலோடு வயிற்றுவலி, ஆசனவாய் ஓரம் வலியுடன் வீக்கம். இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.