துப்பாக்கிகளால் ஆன கொழுவின் முன்

வர்ஜீனியாவிலிருந்து ஒரு தந்தை

ஹாரிசன்பர்க்கில், போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவான மெனனைட்டுகள் நடத்தும் ஈஸ்டர்ன் மெனனைட் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள் அந்த இரும்புக் கலப்பைக் கொழுவைப் பார்த்திருப்பீர்கள். எஸ்தர் ஆக்ஸ்பர்கரும் அவருடைய மகன் மைக்கேலும், வாஷிங்டன் காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்ட ஏறக்குறைய 3,000 கைத்துப்பாக்கிகளைப் பற்றவைத்துச் செய்தது. 1997இல் தலைநகரில் நிறுவப்பட்டு, பிற்பாடு இங்கே வந்து சேர்ந்தது. அமைதி குறித்த சொற்பொழிவு ஒன்று தொடங்க அரை மணி நேரம் இருந்ததால், ஒன்பது வயது மகனுடன் அதன் அடியில் நின்றேன். துருவேறிய ரிவால்வர் ஒன்றின் குழல்வாயைக் குளவி மண்ணால் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், மகன் பக்கத்துத் துப்பாக்கியின் விசைக்குள் விரலை நுழைத்து "டுமீல்" என்றான். யோசிப்பதற்குள் அவன் கையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டேன். அருகில் நின்ற முதியவர் என்னைப் பார்த்தார், கொழுவைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அன்றைய சொற்பொழிவில் ஒரு வாக்கியம்கூட என் நினைவில் இல்லை.

பாளையங்கோட்டைக்காரர்

கொழு என்கிறீர்கள். ஞாயிறு பள்ளியில் நாங்கள் மனப்பாடம் செய்த ஏசாயா 2:4இல் "பட்டயங்களை மண்வெட்டிகளாகவும்" அடிப்பார்கள் என்றுதான் இருக்கிறது. கலப்பைக் கொழு வருவது கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது நான் மண்வெட்டியைத் தேடி அந்தச் சிற்பத்தை இரண்டு முறை சுற்றிவந்தேன். மகள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஒஹாயோவில் வசிக்கும் தாய்

ஐயா, தவறு பிள்ளையுடையது அல்ல, சொற்பொழிவுக்கு அவனை அழைத்துச் சென்ற உங்களுடையது. புளஃப்டன் பல்கலைக்கழகத்தில் 1987இல் தொடங்கிய லயன் அண்ட் லாம்ப் அமைதிக் கலை மையத்துக்கு என் மகளைக் கூட்டிப்போனேன். படப்புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மறுத்தாள். நீங்களும் முதலில் அங்கே போங்கள். அதற்குமுன் வீட்டில், மத நம்பிக்கைக்காகச் சிறைப்பட்ட டிர்க் வில்லெம்ஸின் கதையைச் சொல்லுங்கள்: 1569இல் சிறையிலிருந்து தப்பியோடிய அவர், துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்ததைக் கண்டு, திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். கதையை அங்கேயே நிறுத்தி, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதிலைத் திருத்தாதீர்கள். திரும்பி வரும்போது காரில் பாடம் நடத்தாதீர்கள். பொம்மைத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் அதைப் பிடுங்காமல், அவனே தூக்கிப் போடும்வரை காத்திருங்கள்.

பெயர் வேண்டாம்

அம்மா, கதையை அங்கே நிறுத்தினால் பாதியை மறைத்ததாகும். கரையேறியவனே அவரைப் பிடித்தான். அவரை உயிரோடு எரித்தார்கள். ஒரு தந்தை பதறிக் கையைத் தட்டியதற்கு இத்தனை அறிவுரை வேண்டியதில்லை. அதே ஹாரிசன்பர்க்கில் 2007இல் முதுகலை முடித்த லைபீரிய அமைதிப் போராளி லேமா போவீ, 2003இல் கானாவின் அக்ராவில் தம் நாட்டு உள்நாட்டுப் போரை நிறுத்தப் பேச்சுவார்த்தை நடந்த மண்டபத்தின் வாசலைப் பெண்களோடு சேர்ந்து மறித்தவர். உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. அமைதியை விரும்புகிறவர்கள் பதறுவதில்லை, மறிப்பதில்லை என்று யார் சொன்னது?

எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் மறக்காதது வேறு. ஒரு மாலை நிகழ்ச்சியின் முடிவில் அரங்கம் முழுவதும் எழுந்து, இசைக்கருவி எதுவுமின்றி, நான்கு குரல்களாகப் பிரிந்து பாடத் தொடங்கியது. எந்தக் குரல் என்னுடையது என்று தெரியாமல், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தபடி நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற மாணவி பாடுவதை நிறுத்தாமலே அதை நேராகத் திருப்பி வைத்தாள்.