காப்பகத்துக்கு அடுத்த தவணை: பணம் போகும் முன் சில விஷயங்கள்

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் நம் சங்கம் பணம் அனுப்பிவரும் குழந்தைகள் காப்பகத்தின் மாடிக் கட்டடத்துக்கு இரண்டாம் தவணை அனுப்புவது பற்றிச் செயலாளர் அண்ணன் போட்ட தீர்மானத்துக்குப் பலரும் 'சம்மதம்' என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிட்டீர்கள். நான் போடவில்லை. ஏன் என்று சிங்கப்பூர் பெரியப்பா தனியாகப் போன் செய்து கேட்டார். தனியாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

காப்பகத்தில் சமையல் வேலை பார்த்து நின்றுவிட்ட ஒரு அக்காவிடமிருந்து நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைப்பது, ஓஸ் பைப்பால் அடிப்பது, இரவில் பெண் பிள்ளைகள் படுக்கும் பக்கம் ஒரு ஊழியர் போய் வருவது, அதைப் பற்றிப் பேசிய ஒரு பிள்ளையைத் திடீரென்று வேறு விடுதிக்கு மாற்றியது என்று நான்கு பக்கம். குழு என்ன செய்தது? காப்பக நிர்வாகிக்கே போன் போட்டு "இப்படி எழுதியிருக்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டது. "சம்பளத் தகராறில் போனவங்க, அப்படித்தான் பேசுவாங்க" என்றாராம். சரி என்று விட்டுவிட்டார்கள். கேட்டால், ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்கிறார்கள்.

கடிதத்தில் இருப்பது உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? குழுவும் யார்? அதற்கென்று ஆட்களும் சட்டமும் இருக்கும்போது, குற்றம் சாட்டப்பட்ட இடத்திலேயே கேட்டுவிட்டு வந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இதே மாதிரிதான் முசாபர்பூரிலும் நடந்தது என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பீகாரில் இருக்கிற ஊர் அது. அங்கே பிரஜேஷ் தாக்கூர் என்பவரின் தொண்டு நிறுவனம் அரசுப் பணத்தில் சிறுமியர் இல்லம் ஒன்றை நடத்தியது. ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. சொந்தமாக இந்தி நாளிதழ் நடத்தியவர். இல்லம், அவருடைய வீடு, பத்திரிகை அலுவலகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. அதிகாரிகள் வந்து போகாத இடமும் இல்லை. குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்று சட்டம் சொல்கிற அமைப்புகள் அத்தனையும் அந்த மாவட்டத்தில் இருந்தன. பதிவேடுகளும் கையெழுத்துகளும் இருந்தன.

2017இல் பீகார் சமூக நலத் துறை தன் காப்பகங்களைத் தணிக்கை செய்யும் வேலையை மும்பை டாடா சமூக அறிவியல் கழகத்தின் 'கோஷிஷ்' குழுவிடம் கொடுத்தது. கேட்டுக்கொண்டது அரசேதான் என்பதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தச் சிறிய குழு மாநிலம் முழுக்க 110 நிறுவனங்களுக்குப் போனது. அறையை எண்ணுவது, ரேஷன் இருப்பைச் சரிபார்ப்பது என்பதோடு நிற்காமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியது. அவ்வளவுதான் வித்தியாசம். வருஷக்கணக்கில் பல சோதனைகளில் வராத விஷயம் அந்தப் பேச்சில் வந்தது. முசாபர்பூர் மட்டுமில்லை, மொத்தம் 17 இல்லங்களில் நிலைமை மிக மோசம் என்று அறிக்கை சொன்னது.

அறிக்கை 2018 ஏப்ரலுக்குள் அரசின் கையில் இருந்தது. முதல் தகவல் அறிக்கை பதிவானது மே 31ஆம் தேதி. எழுத்தில், ஊர் பெயரோடு, கொடுமை நடக்கிறது என்று தெரிந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல். அந்த மாதம் முழுக்க அதிகாரிகள் சும்மா இருந்திருக்கமாட்டார்கள். கோப்பு மேசை மேசையாக நகர்ந்திருக்கும், கூட்டம் கூட நடந்திருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு மாதம், அவ்வளவே. பிறகு நடந்த மருத்துவப் பரிசோதனையில் 34 சிறுமியர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானது தெரியவந்தது. ஏழு வயதுப் பிள்ளையும் அங்கே இருந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது, ஏனென்றால் நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, துறை அமைச்சர் ஆகஸ்டில் பதவி விலகினார். ஆனால் மற்ற பதினாறு இல்லங்கள் என்ன ஆயின? நவம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்டபோதுதான், போலீஸ் போட்டிருந்த பல வழக்குகள் பேருக்குப் போட்டவை, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கென்றே இருக்கிற போக்சோ சட்டத்தின் பிரிவுகூடச் சேர்க்கவில்லை என்பது தெரிந்தது. நீதிபதிகள் கடுமையாகத் திட்டிவிட்டு அவற்றையும் சி.பி.ஐ.யிடம் கொடுத்தார்கள். விசாரணை பீகாரில் நடந்தால் சரிப்படாது என்று 2019இல் டெல்லி சாகேத் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. பிப்ரவரியில் தாக்கூருக்குச் சாகும்வரை சிறை.

அந்தப் பத்தொன்பது பேரில் யார் யார் என்று பாருங்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவர், அதே குழுவின் உறுப்பினர் ஒருவர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி. காப்பாற்ற வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேரும் ஆயுள் தண்டனைக் கைதிகள். பாதுகாப்பு அலகின் உதவி இயக்குநராக இருந்த பெண் அதிகாரிக்கு ஆறு மாதம். அவர் யாரையும் தொடவில்லை. தெரிந்தும் புகார் கொடுக்கவில்லை என்பதற்காகத்தான் அந்தத் தண்டனை. நம் நிர்வாகக் குழு ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டிய தண்டனை என்றால் எனக்கு அதுதான்.

"அது பீகாருண்ணே, நம்ம பக்கம் நடக்காது" என்று தோஹா மாப்பிள்ளை சொல்வார், அவர் எழுதுவதற்கு முன்பே எனக்குக் கேட்கிறது. மாப்பிள்ளை, இந்தியா முழுக்க இருக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கு உச்ச நீதிமன்றம் விதிமுறை சொன்ன வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது. மாமல்லபுரம் பக்கத்து ஆதரவற்றோர் இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுகிறார்கள் என்ற பத்திரிகைச் செய்தியைப் பார்த்து ஒருவர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 2007இல் அது வழக்காகப் பதிவாகி, தீர்ப்பு வந்தது 2017 மே மாதம். பத்து வருஷம். கடிதம் போன அன்று எட்டு வயதான பிள்ளை, தீர்ப்பு வரும்போது பெரியவள் ஆகி விடுதியை விட்டே வெளியே போயிருப்பாள்.

அதே காலத்தில் மத்திய அரசு எடுத்த கணக்கில் நாட்டில் 9,589 இல்லங்கள். சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மொத்த இல்லங்களில் தமிழ்நாட்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். உத்தரப் பிரதேசத்தில் தேவரியா என்ற ஊரில் ஒரு இல்லத்தின் உரிமத்தை 2017இலேயே ரத்து செய்துவிட்டார்கள். ஆனாலும் போலீஸே மீட்ட பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்டில் ஒரு சின்னப் பிள்ளை தப்பி ஓடிப் போலீஸில் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ரத்து உத்தரவு காகிதத்தில் இருந்தது, பிள்ளைகள் அங்கேயேதான் இருந்தார்கள்.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே லட்சணம்தான். நான் இருக்கும் கிராய்டனுக்குப் பக்கத்தில் ஷெர்லி ஓக்ஸ் என்று ஒரு இடம். லண்டன் லாம்பெத் நகராட்சியின் பெரிய குழந்தைகள் இல்லம் அங்கேதான் இருந்தது. அந்த நகராட்சியின் மூன்று இல்லங்களில் வளர்ந்த 705 பேர் பாலியல் கொடுமை பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார்கள் என்று 2021இல் வந்த விசாரணை அறிக்கை சொல்கிறது. நாற்பது வருஷத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மூத்த ஊழியர் ஒரே ஒருவர். பணம், படிப்பு, பத்திரிகைச் சுதந்திரம் எல்லாம் இருக்கிற இடத்தில் இந்தக் கதை.

இனி நம் பணம். பிரிட்டிஷ், கனடா, அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிவிட்டவர்கள் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்கக் காப்பகத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்கு வேண்டும், வருஷா வருஷம் கணக்கு காட்ட வேண்டும். பைசா வரைக்கும் பார்க்கிறார்கள். பொருளாளர் சித்தப்பா இந்த விஷயத்தில் கில்லாடி, ஒரு ரசீது விடமாட்டார். ஆனால் அந்தப் பணத்தில் சாப்பிடும் பிள்ளை ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறதா என்று கேட்க நம்மிடம் ஒரு படிவமும் இல்லை.

லீவில் ஊருக்குப் போகும்போது நாம் பார்ப்பது என்ன? பிறந்தநாள் கேக், வரிசையாக நின்று பாடுகிற பிள்ளைகள், பிரியாணி, குரூப் போட்டோ. பக்கத்திலேயே வார்டன் நிற்பார். "நல்லா இருக்கியாம்மா" என்றால் "நல்லா இருக்கேன் சார்" என்று வரும். வேறென்ன சொல்லும்? நாளைக்கு நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர் அங்கேயேதான் இருப்பார். அந்தப் போட்டோக்களை இந்தக் குரூப்பில் போடுவதையும் நிறுத்துங்கள். பிள்ளைகளின் முகத்தோடு, பெயரோடு, பெற்றோர் இறந்த கதையோடு போடுகிறோம். நம் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது அப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

இரண்டாம் தவணைக்கு முன் காப்பகத்திடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. சிறார் நீதிச் சட்டப் பதிவுச் சான்றிதழின் நகல், அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதோடு. மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, மூன்று பேருக்குக் குறையாமல், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். அவர்கள் கடைசியாக வந்தது எப்போது, என்ன எழுதினார்கள்? பிள்ளைகளின் புகார்ப் பெட்டி எங்கே, சாவி யாரிடம்? நிர்வாகியின் மேசை டிராயரில் சாவி இருந்தால் அது பெட்டியே இல்லை. மாடியைவிட இன்னொரு செலவு எனக்கு முக்கியமாகப் படுகிறது: காப்பகத்துக்கோ நம் சங்கத்துக்கோ சம்பந்தமில்லாத ஒரு குழந்தைகள் மனநல ஆலோசகர், முடிந்தால் பெண், மாதம் தவறாமல் போய் ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளோடு பேசுவது. நிர்வாகி சம்மதிக்கவில்லை என்றால் அதுவே நமக்கு ஒரு பதில்தான்.

கடிதத்துக்கு வருகிறேன். பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்திருக்கிறது, அல்லது நடக்கலாம் என்று தெரியவந்தால் யாராக இருந்தாலும் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பது போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. நிரூபித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. நல்லெண்ணத்தோடு சொல்பவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஒரு வருஷம் வரை சிறை. 'ஊர்ப் பெயர்' என்பதற்கு அதில் விலக்கு எதுவும் போடவில்லை.

கடிதம் என் கைக்கு வந்தது போன செவ்வாய்க்கிழமை. அன்று ராத்திரியே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும், கலெக்டருக்கும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் புகார்ப் பக்கமான போக்சோ இ-பாக்ஸிலும் பதிந்திருக்கிறேன், அது இணையத்தில் இருப்பதால் எங்கிருந்தும் எழுதலாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஊரில் இருப்பவர்களுக்கு எளிது, ஆனால் அந்தக் குறுகிய எண்ணை வெளிநாட்டிலிருந்து அப்படியே அழைக்க முடியாது, அதனால் ஊரில் இருக்கும் என் தங்கச்சி போன் செய்தாள். குழுவின் அனுமதியை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவும் எனக்குத் தெரியவில்லை. செயலாளர் அண்ணனுக்குக் கோபம் இருக்கும், அது நியாயம்தான். அவருக்கு அன்றே போன் செய்து சொல்லிவிட்டேன்.

இரண்டு வேண்டுகோள். அந்தச் சமையல் அக்கா யார், எந்தத் தெரு என்று இங்கே யாரும் கேட்காதீர்கள், தெரிந்தவர்களும் எழுதாதீர்கள். மாற்றப்பட்ட பிள்ளையைப் பற்றியும் அப்படியே. விசாரணை அதிகாரி வரும் வரை காப்பக நிர்வாகிக்கு யாரும் போன் செய்து 'உஷார்' படுத்தவும் வேண்டாம். நல்ல மனசில் செய்தாலும் அதன் பலன் பிள்ளைகள் தலையில்தான் விழும்.

மாதச் சாப்பாட்டுச் செலவை நிறுத்தச் சொல்லவில்லை, அது பிள்ளைகளின் வயிறு. மாடிக்கான தவணைக்கு மட்டும் என் வாக்கு இப்போதைக்கு 'இல்லை'. ஞாயிற்றுக்கிழமை ஜூம் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நியூஜெர்சிக்காரர்களுக்கு விடிகாலையாக இருக்கும், மன்னிக்கவும். வர முடியாதவர்கள் தங்கள் கருத்தை இங்கேயே எழுதுங்கள், 'சம்மதம்' என்று மட்டும் இல்லாமல் கொஞ்சம் கூடுதலாக.