பிஎஸ்பி 3000: 333-ல பேட்டரி நிக்கல, 222-ல சத்தம் கரகரக்குது. நடுவுல எங்க நிறுத்தணும்?

எண்ணூர்_லோக்கல்:

வணக்கம். கையில இருக்கிறது சோனியோட கைக்கேம் கருவி பிஎஸ்பி 3000, கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனி தராத, மாத்தி எழுதின சிஸ்டம் மென்பொருள்) போட்டது. எமுலேட்டர் (வேற கன்சோலோட கேமை இதுல ஓட்டுற ப்ரோக்ராம்) ரெண்டு: ஜிபிஏ (கேம் பாய் அட்வான்ஸ்) கேமுக்கு ஜிபிஎஸ்பி, சூப்பர் நின்டென்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ் டிஒய்எல். முக்கால்வாசி ஆட்டம் எண்ணூர் - சென்ட்ரல் ட்ரெயின்ல, போக வர.

க்ளாக்கை, அதாவது ப்ராசசர் வேகத்தை, 222 மெகாஹெர்ட்ஸ்ல வச்சா சண்டைக் காட்சியில சத்தம் கரகரன்னு உடையுது. 333 வச்சா சரியாகுது, ஆனா சார்ஜ் மளமளன்னு இறங்குது. ரெண்டு கேம்ல மட்டும் 333-லயும் புது ஏரியாவுக்குள்ள நுழையும்போது அரை செகண்ட் விக்கி நிக்குது. பேட்டரி பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில புதுசா வாங்கினது, மேல 3600 எம்ஏஎச்னு அச்சடிச்சிருக்கு. 40 சதவீதம் காட்டிக்கிட்டிருக்கும்போதே சட்டுன்னு அணைஞ்சிடுது.

266 போதுமா? இல்ல கேமுக்கு கேம் மாத்தணுமா?

கொருக்குப்பேட்டை_மிப்ஸ்:

கேமுக்கு கேம் மாறும். ஏன்னு புரிஞ்சா நம்பரை நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

ஜிபிஏ ஒரு செகண்டுக்கு 59.73 ஃப்ரேம் வரையுது. ஒரு ஃப்ரேமுக்கு அதோட ப்ராசசர் 2,80,896 சைக்கிள் ஓடும். உங்க பிஎஸ்பி 222-ல இருந்தா அதே நேரத்துல அதுக்குக் கிடைக்கிறது சுமார் 37 லட்சம் சைக்கிள். அதாவது ஜிபிஏவோட ஒரு சைக்கிளுக்கு நம்ம பக்கம் 13. 266-ல கிட்டத்தட்ட 16, 333-ல கிட்டத்தட்ட 20. அந்த 13-க்குள்ளதான் ஆர்ம் (ஜிபிஏ ப்ராசசர்) கட்டளையை மிப்ஸ் (பிஎஸ்பி ப்ராசசர்) கட்டளையா மாத்தி ஓட்டணும், படம் வரையணும், சத்தம் கலக்கணும். இதுல ஆர்ம்ல கூட்டல் கழித்தலுக்கு அப்புறம் வர்ற கொடிகள் (பூஜ்யமா, மைனஸா, கேரி இருக்கா) மிப்ஸ்ல கிடையவே கிடையாது. தேவைப்படுற இடத்துல எல்லாம் தனியா கணக்குப் போட்டு வச்சுக்கணும். நேரம் அங்க நிறைய கரையுது.

சத்தம் உடையறதுக்கும் இதே கணக்குதான். செகண்டுக்கு 44,100 சாம்பிள்ல (சத்தத்தோட துணுக்கு) ஒரு ஃப்ரேமுக்கு 738 சாம்பிள் பங்கு. ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டைத் தாண்டினா பஃபர் (சத்தத்தை முன்கூட்டியே சேர்த்து வைக்கிற இடம்) காலியாகும், காதுல கரகரப்பு கேக்கும். ஆடியோ பஃபரைப் பெருசாக்கினா எப்பவாவது வர்ற திடீர் சுமையைத் தாங்கும். சராசரியாவே வேகம் பத்தலைன்னா எவ்வளவு பெருசாக்கினாலும் தாங்காது, சத்தம் பின்தங்கி வர்றதுதான் மிச்சம்.

சோதிக்கிற முறை: ஜிபிஎஸ்பி மெனுவுல ஃப்ரேம்ஸ்கிப்பை (சில ஃப்ரேமை வரையாமத் தாண்டுறது) முதல்ல ஆஃப் பண்ணுங்க. ஆட்டோல விட்டா பத்தாக்குறையை அது மறைச்சிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. கேம்லயே கனமான இடத்துல, அதாவது நிறைய எதிரி ஒரே திரையில வர்ற இடத்துல, ஒரு சேவ் ஸ்டேட் (அந்த நொடியை அப்படியே சேமிக்கிறது) வையுங்க. க்ளாக் 33 படியில இறங்கும்: 333, 300, 266, 233. ஒவ்வொண்ணுலயும் அதே ஸ்டேட்டை லோட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஹெட்ஃபோன்ல கேளுங்க. எங்க உடையுதோ அதுக்கு ஒரு படி மேல நிறுத்துங்க. கஸ்டம் ஃபர்ம்வேரோட ரெக்கவரி மெனுவுல இருக்கிற கேம் க்ளாக்கை டீஃபால்ட்லயே விட்ருங்க. ரெண்டு இடத்துல வேகம் வச்சா எது ஜெயிக்குதுன்னு குழப்பம்தான்.

ராயபுரம்_ரெட்ரோ:

எதுக்கு இவ்வளவு பாடு? 333-லயே விடலாமே. வேகமா முடிச்சிட்டு அடுத்த ஃப்ரேம் வர்ற வரைக்கும் ப்ராசசர் தூங்கும். மொத்தத்துல ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடாதா?

கொருக்குப்பேட்டை_மிப்ஸ்:

பாதிதான் சரி நண்பா. எமுலேட்டர் திரை புதுப்பிப்புக்காக முறையாக் காத்திருந்தாத்தான் ப்ராசசர் சும்மா இருக்கும். சில பழைய எமுலேட்டர் நேரம் ஆச்சா ஆச்சான்னு ஒரு லூப்ல சுத்திக்கிட்டே பார்க்கும். அதுல 333 முழுசும் வீண். அதோட பஸ்ஸும் (ப்ராசசரை மெமரியோட இணைக்கிற பாதை) சேர்ந்து ஏறுது: 222-க்கு 111, 333-க்கு 166. மெமரியும் மத்த பாகங்களும் அந்த வேகத்துலதான் ஓடும், அந்தச் செலவு சும்மா இருக்கும்போதும் முழுசாப் போயிடாது. சோனியே ரொம்ப நாள் கேம்களை 222-லதான் கட்டி வச்சிருந்தாங்க. 2007-ல வந்த 3.50 ஃபர்ம்வேர்லதான் 333-ஐத் திறந்துவிட்டாங்க.

க்ளாக்கை விட லாபம் தர்ற ஒரு விஷயம் இருக்கு, பல பேர் தொடறதே இல்ல. நிறைய ஜிபிஏ கேம் தன் வேலையை முடிச்சிட்டு அடுத்த ஃப்ரேம் சிக்னலுக்காக ஒரு சின்ன லூப்ல சுத்தும். எமுலேட்டர் அந்த வெட்டிச் சுத்தலையும் உண்மையா நம்பி ஓட்டும். ஜிபிஎஸ்பி ஃபோல்டர்ல கேம் கான்ஃபிக்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதுல கேம் பேர், நாலெழுத்து கேம் கோடு, ரெண்டெழுத்து வெண்டார் கோடு (கேம் கம்பெனியைக் குறிக்கிறது), கூடவே அந்த லூப் எந்த முகவரியில இருக்குங்கிற வரி. இது சரியாப் பொருந்தினா லூப் வந்த உடனே எமுலேட்டர் அடுத்த நிகழ்வுக்குத் தாவிடும். 300 கேட்ட கேம் 233-ல ஓடுறதுக்கும் வாய்ப்பு உண்டு.

பொருந்தாமப் போறதுக்கு முக்கியக் காரணம் ரோம் (ROM) ஃபைல், அதாவது கேம் ஃபைல், வேற நாட்டுப் பதிப்பா இருக்கிறது. கேம் கோட்டோட கடைசி எழுத்து நாட்டைச் சொல்லும்: அமெரிக்காவுக்கு ஈ (E), ஜப்பானுக்கு ஜே (J), ஐரோப்பாவுக்கு பி (P). ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைலோட பைட்டுகளைக் காட்டுற ப்ரோக்ராம்) திறந்து ஏசி (AC) என்கிற ஹெக்ஸ் இடத்துல நாலு எழுத்தையும், பி0-ல (B0) ரெண்டு எழுத்தையும் பாருங்க. கான்ஃபிக்ல இருக்கிறது அமெரிக்கப் பதிப்பு, உங்ககிட்ட இருக்கிறது ஐரோப்பியப் பதிப்புன்னா, எழுத்தை மட்டும் மாத்தி ஏமாத்தாதீங்க. முகவரியும் மாறியிருக்கும், கேம் உறைஞ்சு நிக்கும்.

சூப்பர் நின்டென்டோ கதை வேற. அதோட ப்ராசசர் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான், ஜிபிஏவுல 16.78. அதைப் பார்த்து சுலபம்னு நினைக்கக் கூடாது. சத்தத்துக்குத் தனி ப்ராசசர், படம் கோடு கோடா வரையும்போதே நடுவுல செட்டிங் மாறுறது, வண்ணங்களைக் கலக்கிற ட்ரான்ஸ்பரன்சி, எல்லாம் சேர்ந்து ஆளை அசத்திடும். அங்க 333 வச்சு ஒரு ஃப்ரேம் ஸ்கிப் விடுறதுல தப்பே இல்ல. சூப்பர் எஃப்எக்ஸ் சிப் உள்ள கேம்ல முழு வேகத்தை எதிர்பார்க்காதீங்க. நெஸ், கேம் பாய்க்கு 166-ல இருந்து ஆரம்பிச்சு மேல போங்க.

காசிமேடு_சால்டரிங்:

க்ளாக் கணக்கு எல்லாம் சரி. ஆனா 40-ல அணையறது பேட்டரி கோளாறு.

3000-க்கு ஒரிஜினல் பேட்டரி 3.6 வோல்ட், 1200 எம்ஏஎச், அதாவது 4.32 வாட் அவர். நாலு மணி நேரம் ஓடினா சராசரி 1.08 வாட், மூணு மணி நேரம்னா 1.44. அதே அளவு டப்பாவுக்குள்ள 3600-ஐ அடைக்க வழியே இல்ல. சந்தேகம் இருந்தா 5 வோல்ட் யூஎஸ்பி மீட்டர் ஒண்ணை நடுவுல மாட்டி, பேட்டரியை முழுசா இறக்கிட்டு, பிஎஸ்பியை அணைச்சு வச்சு சார்ஜ் போடுங்க. 4.0க்கு 1.7 மில்லிமீட்டர் முனை உள்ள 5 வோல்ட் கேபிள் சரியாச் சேரும். உண்மையிலேயே 3600 இருந்தா மீட்டர்ல குறைஞ்சது 2590-க்கு மேல ஏறணும். 1200 பக்கத்துலயோ அதுக்குக் கீழயோ நின்னா லேபிள் பொய்.

மட்டமான செல்லுக்கு உள் தடை அதிகம். 333-ல கூடுதல் கரன்ட் இழுக்கும்போது வோல்டேஜ் பொத்துன்னு விழும், செல்லுல சார்ஜ் மிச்சம் இருந்தாலும் பிஎஸ்பி அணைஞ்சிடும். அதனால உங்க விஷயத்துல 333 ரெட்டைச் செலவு. பேட்டரி மூடி லேசா உப்பி நிக்குதான்னு இன்னைக்கே பாருங்க. உப்பியிருந்தா அழுத்தி மூடாதீங்க, சார்ஜ் போடாதீங்க, குத்தவும் கூடாது. கழட்டி மின்கழிவு வாங்குறவங்ககிட்ட குடுத்துடுங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் எண்ணூர்ல இருந்து காசிமேடு வரைக்கும் உப்புக் காத்து. பேட்டரி முனையில பச்சையாவோ மங்கலாவோ படிஞ்சிருந்தா அதுவே ஒரு தடை. பேட்டரியைக் கழட்டி, பென்சில் ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க. மெமரி ஸ்டிக் முனைக்கும் இதே வைத்தியம்தான்.

வைஃபை சுவிட்ச் ஆஃப், உள்ள யூஎம்டி தட்டு இருந்தா வெளிய எடுங்க, திரை வெளிச்சம் ஒரு படி கீழ. ஜன்னலோர வெயில்ல திரை தெரியலைன்னு வெளிச்சத்தை ஏத்துறதை விட எதிர்ப்பக்க சீட்டுல உக்காருறது பேட்டரிக்கு நல்லது.

எண்ணூர்_லோக்கல்:

ரொம்ப நன்றிங்க. மூடி உண்மையாவே உப்பியிருக்கு, கழட்டிட்டேன். சார்ஜர் வயர்ல வச்சே சோதிச்சதுல ஒரு கேம் 266-ல சுத்தமா ஓடுது, இன்னொண்ணுக்கு 300 வேணும். ஆனா புது ஏரியாவுல விக்குறது மட்டும் 333-லயும் அப்படியே இருக்கு. ரோம் ஃபைல் 32 எம்பி.

கொருக்குப்பேட்டை_மிப்ஸ்:

அதுக்கும் க்ளாக்குக்கும் சம்பந்தம் இல்ல. ஜிபிஎஸ்பி முதல்ல எழுதப்பட்டது 32 எம்பி மெமரி உள்ள பழைய பிஎஸ்பி 1000-க்கு. முழு ரோமும் உள்ள அடங்காது, அதனால துண்டு துண்டா மெமரி ஸ்டிக்ல இருந்து எடுத்து வரும். உங்க 3000-ல 64 எம்பி இருந்தாலும் கேட்டு வாங்காத பில்டு (எமுலேட்டர் பதிப்பு) அதைத் தொடாது. புது ஏரியான்னா புதுத் துண்டு, அந்த அரை செகண்ட் ஸ்டிக் படிக்கிற நேரம்.

ரோமை ஜிப்ல வைக்காம விரிச்சு வையுங்க. மைக்ரோ எஸ்டி அடாப்டர்னா கார்டை மாத்திப் பாருங்க, மலிவு அடாப்டர்ல சின்னச் சின்னதாப் படிக்கிற வேகம் ரொம்ப மோசம். ஸ்டிக்கை ஃபார்மேட் பண்றதா இருந்தா சேவ் எல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிட்டு பிஎஸ்பி மெனுவுல இருந்தே பண்ணுங்க. கூடுதல் மெமரியைப் பயன்படுத்துற பில்டு கிடைச்சா அதுக்கு மாறிடுங்க, விக்கல் நின்னுடும்.

ஸ்லீப்ல போட்டு எழுப்பினதும் திடீர்னு மந்தமானா, க்ளாக் பழையபடி 222-க்கு இறங்கியிருக்கும். மெனுவுக்குள்ள போய் ஒரு படி மாத்தி மறுபடி வையுங்க.